சைக்கிளைக் கொடுங்கள், பிள்ளையின் முகத்தை விட்டுவிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட, சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு மரக்கப்பு, மேலே தகரம், பக்கத்தில் ஒரு வேம்பு. பழைய ரயர்கள் அந்த வேம்பில்தான் தொங்கும். காலை ஆறரைக்குத் திறந்துவிடுவேன். இரவு காற்றுப் போன சங்கதி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

போன கிழமை 20 புதுச் சைக்கிள்கள் லொறியில் வந்து இறங்கின. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கியவை. பூட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. கூலி பேசி முற்பணமும் தந்துவிட்டார்கள், நல்ல மனிதர்கள். கூடவே கொடுத்தவர்களின் பெயர் போட்ட ஒரு கட்டு ஸ்டிக்கரும் தந்தார்கள். செயின் கவரில் ஒன்று, பின் மட்காட்டில் ஒன்று, ஹாண்டிலுக்குக் கீழே முன்பக்கம் ஒன்று. ஆகமொத்தம் 60. அந்தக் கட்டு கைக்கு வந்த நாளில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2012இல் என் மூத்த மகளுக்கும் இப்படி ஒரு சைக்கிள் கிடைத்தது. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குக் கடை கிடையாது, ஒரு பம்மும் இரண்டு சாவியும் வைத்துக்கொண்டு வீதியோர மரத்தடியில் இருந்தேன். சைக்கிள் திருத்துகிறவனின் மகள் நாலு கிலோமீற்றர் நடந்து பள்ளிக்குப் போனாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எங்களுக்கு அது அப்போது சிரிப்பாக இல்லை.

கொடுப்பதற்கு விழா வைத்தார்கள். பிள்ளைகளை எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். பிரதம விருந்தினர் வந்து சேரப் பதினொன்றரை. மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு, பிறகு பேச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்கள். பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தகப்பன் என்ன செய்கிறான், வீட்டில் எத்தனை பேர், யாரை இழந்தார்கள், கூரை தகரமா கிடுகா என்று எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வீதியில் போகிற பஸ்ஸுக்கும் கேட்டிருக்கும். என் மகளின் முறை வந்தபோது நான் கீழே முன்வரிசையில் நின்று, "சிரி பிள்ளை, படம் எடுக்கினம், சிரி" என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தப் படம் பிறகு எங்கெங்கோ போனது. கனடாவில் இருக்கிற என் மச்சான் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்து, நாங்கள் ஏன் தன்னிடம் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

சைக்கிளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பிறேக் கம்பி மட்டும் இளகியிருந்தது, வீட்டுக்கு வந்து இறுக்கிவிட்டேன். ஆனால் இரண்டு மாதத்துக்குள் செயின் கவரில் பெயின்ற் எல்லாம் உரிந்து, கீறல் கீறலாகக் கிடந்தது. தானமாகக் கிடைத்த பொருளை இப்படியா வைத்திருப்பது என்று அவளை நன்றாக ஏசினேன். ஒரு சொல் பேசாமல் நின்றாள்.

கதை எனக்குத் தெரியவந்தது போன வருடம்தான். அவள் இப்போது கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள், பேச்சுவாக்கில் சொன்னாள். ஸ்டிக்கரில் இருந்த பெயரைப் பிளேட்டால் சுரண்டி எடுத்தது அவளேதான். அதுவும் போதாமல், கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தச் சைக்கிளைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோகவில்லையாம். முன்னுக்கு இருக்கிற ஒழுங்கையில், தெரிந்த மாமி ஒருவரின் வளவுக்குள் விட்டுவிட்டு மிச்சத்தை நடந்திருக்கிறாள். "அது கிடுகுக் கூரைச் சைக்கிள்" என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் கேட்டதுதானே. பிள்ளைகளிலும் பிழை சொல்ல முடியாது.

"நீங்கள் சிரி எண்டு சொன்னதுதான் அப்பா எனக்குக் கூட நொந்தது" என்றாள். இந்த வசனத்தைத் தாண்டி எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

(இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தட்டச்சுச் செய்து அனுப்புகிறவளும் அவள்தான். ஒரு வரியை வெட்டிவிட்டாள். எது என்று சொல்லமாட்டேன்.)

இதைப் படித்துவிட்டு, "இவனுக்குக் கொடுத்ததும் குற்றம்" என்று யாரும் கையை மடக்கிவிடக் கூடாது. சைக்கிள் இங்கே விளையாட்டுச் சாமான் இல்லை. உள்ளூர்க் குடியேற்றங்களில் இருந்து பிரதான வீதிக்கு வரவே ஐந்தாறு கிலோமீற்றர் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அன்றைய பள்ளிக்கூடம் போச்சு. மாரியில் ஒழுங்கை சேறாகும், வெயிலில் மணல் சுடும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே நின்றுவிட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு சைக்கிள் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது எங்கள் அதிபர்மாருக்குத் தெரியும். என் மகள் பரீட்சை எழுதியதும் அந்தச் சுரண்டிய சைக்கிளில் போய்த்தான். ஆகவே கொடுங்கள், நிறையக் கொடுங்கள். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஒரு சைக்கிள் கடைக்காரனுக்குச் சில சொல்ல இருக்கிறது.

முதலாவது அளவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி 26 அங்குலச் சைக்கிளை வாங்கிவிடுகிறார்கள், மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதில் ஏறினால் கால் தரையில் முட்டாது, மதிலைப் பிடித்துத்தான் இறங்கும். சின்ன ஆட்களுக்கு 24 எடுங்கள். சீற்றில் இருக்கும்போது இரண்டு கால் நுனியும் நிலத்தில் பட வேண்டும். பிறகு, சைக்கிளோடு ஒரு கைப்பம்மும் ஒட்டுப் போடுகிற சாமானும் ஒரு மேலதிக ரியூப்பும் கொடுங்கள். பொன்னாடைக் காசில் இவை வரும். தானமாகக் கிடைத்த நல்ல சைக்கிள்கள் ஒரு ரியூப் வாங்க வழியில்லாமல் கோழிக்கூட்டில் சாத்திக் கிடப்பதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்வார்கள். நியாயம்தான். வெளிநாட்டில் குளிருக்குள் உழைத்து அனுப்புகிறவருக்குத் தன் காசு எங்கே போனது என்று அறிய உரிமை இருக்கிறது. அதற்குக் கடைப் பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் போதாதா? படம்தான் வேண்டுமென்றால் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி எடுங்கள், நானே துடைத்துப் பளபளவென்று நிறுத்தித் தருகிறேன். கொடுப்பதைப் பள்ளி விடும் நேரத்தில், அதிபரோ வகுப்பாசிரியரோ பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு, ஒரு கையெழுத்தோடு முடித்துவிடலாம். அந்தச் சைக்கிள் வாங்கினதா, வந்ததா என்று அடுத்த வாங்கில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியத் தேவையில்லை.

ஊரில் இல்லாத புதுமை ஒன்றும் நான் சொல்லவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். மோர், சர்க்கரைத் தண்ணீர், சில இடத்தில் கடலை. "வாங்கோ, குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிடுவார்களே தவிர, உன் கூரை என்ன கூரை என்று யாரும் கேட்பதில்லை. குடிக்கிறவர்களில் லட்சாதிபதியும் இருப்பான், என்னைப் போல ஆட்களும் இருப்போம்.

ஆனால் மற்றவர்களைச் சொல்ல வந்த நானும் இதே பிழையை விட்டவன்தான்.

கடை கொஞ்சம் ஊன்றியபிறகு, கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா ஒட்டுப் போட்டுக் கொடுப்பேன். ஒரு பொடியன், தகப்பன் இல்லை, தாய் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். இரண்டு தரம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன், காசு நீட்டியபோது "வேண்டாம் தம்பி, வைச்சுக்கொள்" என்றேன். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். பிறகு அவனைக் காணவில்லை. ஒரு நாள் பார்த்தால், காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியின் மற்றப் பக்கத்தால் தலையைக் குனிந்தபடி போகிறான். என் கடையைக் கடந்து இன்னும் இரண்டு கிலோமீற்றர் உருட்டினால்தான் அடுத்த கடை. அங்கே காசு கொடுத்து ஒட்டலாம், அதுதான் அவன் கணக்கு.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நீங்கள் குடுத்தனீங்கள், அவன் என்னத்தைத் தாறது? அதுக்கு வழி வைச்சனீங்களோ?" என்று கேட்டா.

அடுத்த நாள் வீதியைக் கடந்து போய் அவனைப் பிடித்தேன். "தம்பி, சனிக்கிழமை எனக்கு வேலை கூட, சில்லுப் பிடிக்க ஓராள் வேணும். வாறியா?" வந்தான். வந்தவனைச் சும்மா நிற்க விடாமல் ஒட்டுப் போடப் பழக்கினேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் சனிக்கிழமை வகுப்பு. வகுப்பு என்று நான் சொல்வதில்லை, பிள்ளைகள் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம். சாவியும் பம்மும் தண்ணீர் வாளியும் என்னுடையவை, கை அவர்களுடையது. ஒட்டுத்துண்டுக்கும் சொலூசனுக்கும் உள்ள காசை மட்டும் பெட்டியில் போட வேண்டும். போட்டார்களா என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.

பெற்றோர் வாசிப்பீர்கள் என்பதால் வேலையையும் சொல்லிவிடுகிறேன், வீட்டிலேயே பழக்கலாம். ரயரின் ஒரு பக்கத்தைத் தட்டையான கரண்டிக் காம்பு இரண்டால் கிளப்புங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், அது ரியூப்பைக் குத்தி இரண்டாவது ஓட்டை போடும். ரியூப்பை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, வாளித் தண்ணீருக்குள் பகுதி பகுதியாக அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனையால் அடையாளம் வைத்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, அரத்தாளால் மினுக்கம் போகும்வரை தேயுங்கள். சொலூசனை மெல்லிதாகப் பூசுங்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பொறுமை தேவைப்படும் இடம் வரும். பூசிய உடனே ஒட்டினால் பிடிக்காது. விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், சில நிமிடம் போகும். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் அதற்கு முன்னரே ஒட்டிவிடுவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பக் காற்றடித்துப் பார்த்து, கழன்று வந்ததும் தாங்களே தொடக்கத்தில் இருந்து செய்வார்கள். இரண்டாம் முறை யாரும் அவசரப்பட்டதை நான் கண்டதில்லை.

கடைசியாக ஒன்று, பெரியவர்களே மறக்கிறது. ரயருக்குள் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். உடைமுள்ளோ நெருஞ்சியோ அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் ரியூப்பை உள்ளே விட்டால் வீட்டுக்குப் போக முன்னரே காற்றுப் போய்விடும்.

பெண் பிள்ளைகளை முதலில் யாரும் அனுப்பவில்லை. கை கறுக்கும், பிறகு சட்டையில் பிரளும் என்றார்கள் தாய்மார். ரியூசன் முடிந்து ஆறு மணிக்குக் காட்டோரத்து ஒழுங்கையால் தனிய வருகிற பிள்ளைக்குக் காற்றுப் போனால், தெரியாத ஒருவரிடம் உதவி கேட்டு நிற்பது நல்லதா, தானே பத்து நிமிடத்தில் போட்டுக்கொண்டு வருவது நல்லதா என்று கேட்டேன். இப்போது சனிக்கிழமை வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். சவர்க்காரத்தோடு கொஞ்சம் சீனி சேர்த்துத் தேய்த்தால் எண்ணெய்க் கறுப்புப் போகும், அதையும் தாய்மாருக்குச் சொல்லி வையுங்கள்.

அந்தப் பொடியனைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனதே, பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தந்தார்களே, அந்த நாட்களில் ஊரில் வளவுக்குப் பின்னால் சாத்திக் கிடந்த சைக்கிள் எல்லாம் தூசு தட்டி என் கடைக்கு வந்தன. ஆசிரியர்மார், தாதிமார், வங்கிக்காரர் என்று வரிசை. நான் ஒருவனாகச் சமாளிக்கவே முடியாது. அவனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் பின்னேரங்களில் வந்து நின்றார்கள். ஒரு நாள் வங்கியில் பெரிய வேலையில் இருக்கிற ஒருவர், கழுத்துப்பட்டி கட்டியபடி, வாங்கில் இருந்து இவன் ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கூலியைக் கொடுத்து, "நன்றி தம்பி" என்றார். "பரவாயில்லை சேர், முன்சில்லில கொஞ்சம் கோட்டம் இருக்கு, நாளைக்குக் கொண்டாங்கோ எடுத்துத் தாறன்" என்றான். வீதியின் மற்றப் பக்கத்தால் குனிந்து போனவன்.

வீட்டிலும் இதே கதைதான், அங்கே ஆசிரியர் என் மனைவி. எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் ஒரு ஆச்சி தனியே இருக்கிறா. கறி கூடச் சமைத்தால் மனைவி எங்கள் மகன் கையில் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்புவா. மகன் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவன், இப்போது ஏழாம் வகுப்பு. ஆச்சி ஒரு நாளும் வெறுங்கிண்ணம் திருப்பித் தந்ததில்லை. ஒரு பிடி முருங்கையிலை, இரண்டு தேசிக்காய், ஒன்றும் இல்லாத நாளில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் கறிவேப்பிலை. ஆரம்பத்தில் இவன், "மீன்கறி குடுத்தா இலை தாறா" என்று முறைப்பட்டான். தாய் ஒன்றும் பேசவில்லை. அந்த முருங்கையிலையை அன்றிரவே சுண்டி, "இது ஆச்சி வீட்டுக் கறி" என்று சொல்லி முதல் கரண்டியை அவன் கோப்பையில் போட்டா. இப்போது அவனே ஆச்சி தந்ததை எண்ணிக்கொண்டு வந்து சொல்வான்.

ஆச்சிக்குக் கண்ணில் வெண்புரை. எழுத்துத் தெரியாது, கேட்க ஆசை. அதனால் பின்னேரம் இவன் போய் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறான். முதலில் மரண அறிவித்தல், அதை முடிக்காமல் தலைப்புச் செய்திக்குப் போக விடமாட்டா. "ஆர் பிள்ளை, எந்த ஊர், மனிசி ஆர்" என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. அவன் "வாழைப்பளம்" என்று வாசித்தால் "ஆரடா அது பளம்" என்று நிறுத்தித் திருத்துவா. தமிழ்ப் பாடத்தில் அவன் புள்ளி கூடியது எந்த ரியூசனால் என்று கேட்கிறார்கள், நான் வேலிப் பக்கம் கையைக் காட்டுகிறேன். ஆச்சியைப் பார்த்துக்கொள்வதாக அவன் நினைக்கவில்லை. பொடியனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகத்தான் ஆச்சி ஊரெல்லாம் சொல்கிறா. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு என்று பிள்ளையை விடியக் காலையில் இருந்து இரவுவரை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்குகிற தாய்மார், அதில் அரை மணித்தியாலத்தைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுப் பார்க்கலாம், செலவு ஒரு கிண்ணம் கறி.

இன்னொன்று, ஆச்சி சொல்லி எழுதுவது: மரண அறிவித்தலில் எழுத்து மிகச் சின்னனாம், பொடியன் தடுமாறுகிறானாம். கொஞ்சம் பெரிதாக்கினால் நல்லது.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். இருபதில் பதினொன்றைப் பூட்டிவிட்டேன். பிறேக்கை எல்லாம் இரண்டு தரம் பார்த்தாயிற்று. அனுப்பியவர்களோடு தொலைபேசியில் கதைத்து, மகளின் கதையைச் சொன்னேன். எடுத்த தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு விளங்குகிறது, ஆனால் மற்றவர்களோடு கதைக்க வேண்டும், மண்டபம் வேறு பதிவு செய்தாயிற்று என்றார். பாவம், அவரும் தனி ஆள் இல்லை. விழா அடுத்த மாதம் முதல் வெள்ளி. அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் போட முடிந்தால் போடுங்கள், அவர்கள் உங்கள் பத்திரிகை பார்க்கிறவர்கள்.

ஸ்டிக்கர் கட்டு மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
விசுவமடு.